வைட்டமின் ஈ: உணவு, கேப்சூல், தோல்பூச்சு – எதை முதலில், எதை எப்போது? முழுமையான வழிகாட்டி

மருந்துக் கடையில் பச்சைக் கேப்சூல் ஒரு அட்டை வாங்கி, அன்றிரவே ஊசியால் குத்தி முகம் முழுக்கத் தடவிப் படுத்துவிடுவதில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். மூன்றாம் நாள் நெற்றியில் பொரிப் பொரியாக எழும்புகிறது. "எனக்கு வைட்டமின் ஈ ஒத்துக்கொள்ளவில்லை" என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் வைட்டமின் அல்ல. தடவிய அளவும் தடவிய முறையும்தான்.

இங்கே சொல்லியிருக்கும் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். உணவு முதலில் வருகிறது. கேப்சூலைத் தொடுவதற்கு முன்பே நீங்கள் சாப்பிடும் மருந்துகளைச் சரிபார்க்க வேண்டும். முகம் கடைசியில்தான்.

முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர்ப் பட்டியல், 5 மில்லி தேக்கரண்டி, 15 மில்லி மேசைக்கரண்டி, வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசர், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேலுள்ள சன்ஸ்கிரீன், 50 மில்லி பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி. தொடங்கும் நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொரு படம். கண்ணாடியில் தினமும் பார்க்கிறவருக்கு மாற்றம் தெரியாது. இல்லாத மாற்றம் இருப்பதாகவும் தோன்றும்.

1. எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வைட்டமின் ஈ கொழுப்பில் கரையும் சத்து. உடலில் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பு ஆக்ஸிஜனால் சிதையத் தொடங்கினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தீப்பற்றுவதுபோல் பரவும். அந்தச் சங்கிலியை நடுவில் அறுப்பதே வைட்டமின் ஈ-யின் முக்கிய வேலை. அறுத்தபின் அது செயலிழந்து நிற்கும். வைட்டமின் சி அதை மீண்டும் வேலைக்குத் தயாராக்கும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை தட்டில் இருக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோலில் இது முகத்தின் எண்ணெய்ச் சுரப்பு வழியாக மேற்பரப்புக்கு வருகிறது. வெயில் பட்டால் அங்கே வேகமாகத் தீர்ந்துபோகும். போதுமான அளவு இருக்கும்போது தோலின் மேலடுக்குக் கொழுப்பு சிதையாமல் இருக்கும், ஈரம் தங்கும். எண்ணெயாகத் தடவினால் ஈரம் ஆவியாகாமல் மூடிவைக்கும் பலனும் சேரும்.

நிறம் வெளுக்காது. பழைய தழும்பு மறையாது. கன்னத்து மங்கு இதனால் மட்டும் போகாது. இந்த மூன்றுக்காகத் தொடங்குகிறவர் இங்கேயே நிறுத்தித் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இன்னொரு குழப்பம்: "தோல் வறண்டிருக்கிறது, எனவே வைட்டமின் ஈ குறைவு" என்ற முடிவு. உண்மையான குறைபாடு நரம்பில்தான் தெரியும். கால் கைகளில் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், தசைத் தளர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். பித்தநீர், கணையம், குடல் ஆகியவற்றின் கோளாறால் கொழுப்பைச் செரிக்க முடியாதவர்களுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும்தான் அது பெரும்பாலும் வரும். நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்குத் தோல் வறண்டால் முதலில் வெந்நீர்க் குளியல், காரம் மிகுந்த சோப்பு, தைராய்டு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

2. மருந்துப் பட்டியலைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். உணவிலுள்ள வைட்டமின் ஈ-யால் இந்தச் சிக்கல்கள் வருவதில்லை. வாயால் விழுங்கும் கேப்சூலுக்குத்தான் இந்த எச்சரிக்கை.

அதிக அளவு வைட்டமின் ஈ இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். வைட்டமின் கே-யின் வேலையில் குறுக்கிடுவதும், இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைப்பதும் காரணம். ஆகவே இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், அசிட்ரோம், குளோபிடோக்ரல், தினசரி ஆஸ்பிரின் எதையாவது எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கேப்சூல்கூட விழுங்க வேண்டாம். ஈறில் இரத்தம் கசிவது, அடிபடாமலே நீலத் திட்டு விழுவது முதல் அறிகுறிகள்.

அறுவைச் சிகிச்சையோ பல் பிடுங்குவதோ நாள் குறித்திருந்தால், கேப்சூல் எடுக்கும் விஷயத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வழக்கமாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். "அது வெறும் சத்து மாத்திரைதானே" என்று சொல்லாமல் விடுவதுதான் நடக்கும் தவறு.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும், புராஸ்டேட் சிக்கல் உள்ள ஆண்களும், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் தாமாகத் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள் பேறுகால நலனுக்காக வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைக் கூடுதலாக எடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. எடைக் குறைப்புக்கான ஆர்லிஸ்டாட், கொலஸ்ட்ராலுக்கான கொலஸ்டிரமின் இரண்டும் வைட்டமின் ஈ உடலில் சேர்வதைக் குறைக்கும்.

3. தட்டிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? அமெரிக்கப் பரிந்துரை, வளர்ந்தவர்களுக்கு 15 மில்லிகிராம். பாலூட்டும் தாய்க்கு 19. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு 7.5 முதல் 10 மில்லிகிராம். இரண்டுக்கும் நடுவில் 10–15 என்று இலக்கு வைத்துக்கொண்டால் போதும். அதை ஒரு சாதாரணச் சமையலறையிலேயே எட்டிவிடலாம்; ஆனால் எந்த எண்ணெயில் சமைக்கிறோம் என்பது முக்கியம்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு வழுக்கல் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் வைட்டமின் ஈ கிட்டத்தட்ட இல்லை. வைட்டமின் ஈ-யில் ஆல்பா, காமா என்று பல வகைகள் உண்டு. நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா வகை. நம் கல்லீரல் ஆல்பா வகையைத்தான் தேர்ந்தெடுத்து இரத்தத்தில் அனுப்புகிறது. மற்ற வகைகளை வெளியேற்றிவிடுகிறது. நல்லெண்ணெய்க்கு வேறு நற்குணங்கள் உண்டு, விட்டுவிடச் சொல்லவில்லை. வைட்டமின் ஈ கணக்கில் அதை நம்பியிருக்க முடியாது, அவ்வளவுதான்.

ஒரு மேசைக்கரண்டிக்குத் தோராயக் கணக்கு: சூரியகாந்தி எண்ணெய் 5.6 மில்லிகிராம், தவிட்டு எண்ணெய் 4.4, கடலை எண்ணெய் 2. கோதுமை முளை எண்ணெய் ஒரு கரண்டியே 20 மில்லிகிராம் தரும். ஆனால் அது சமைக்கும் எண்ணெய் அல்ல, விலையும் கூடுதல், தேவையில்லை.

ஒரு நாளைக்கு இப்படி அமைத்துப் பாருங்கள்:

பாதாம் 10 பருப்பு – சுமார் 3 மில்லிகிராம்.
வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம் – சுமார் 2.5.
தாளிக்கவும் பொரியலுக்கும் சூரியகாந்தி எண்ணெய் இரண்டு தேக்கரண்டி – சுமார் 3.7.
பசலைக்கீரை வேகவைத்தது அரை கப் – சுமார் 1.9.
சூரியகாந்தி விதை ஒரு மேசைக்கரண்டி – சுமார் 3.

கூட்டினால் 14 வரும். பாதாம் விலை கட்டுப்படியாகாதவர்கள் அதை விட்டுவிட்டுச் சூரியகாந்தி விதையை இரண்டு கரண்டியாக்கிக்கொள்ளலாம்; கணக்கு மாறாது. பாதாம்தான் தோலுக்கு நல்லது என்ற எண்ணத்தில், வேர்க்கடலையை ஏழைப் பண்டம்போல ஒதுக்குவது வருத்தமான விஷயம்.

உணவில் செய்யும் தவறுகள் மூன்று. முதலாவது, பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. சூடும் காற்றும் சேர்ந்து வைட்டமின் ஈ-யை அழிக்கும். வடை சுட்ட எண்ணெயை மறுநாள் தாளிப்புக்கு எடுத்தால் அதில் நீங்கள் தேடும் சத்து பெரும்பாலும் இருக்காது. இரண்டாவது, எண்ணெயை ஒளிபுகும் புட்டியில் ஊற்றி அடுப்பருகே வெளிச்சத்தில் வைப்பது. மூன்றாவது, எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டுக் கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுவது. கொழுப்பு இல்லாமல் இந்த வைட்டமின் குடலில் உறிஞ்சப்படாது. அரைத் தேக்கரண்டி எண்ணெயிலாவது தாளித்துக் கொட்டுங்கள், அல்லது கூடவே நான்கு வேர்க்கடலையை இடித்துப் போடுங்கள்.

இந்தத் தட்டை நான்கு வாரம் கடைப்பிடித்த பிறகுதான் அடுத்த படி. பலருக்கு அடுத்த படியே தேவைப்படாது.

4. கேப்சூல் அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வைட்டமின் ஈ-யின் வேதிப்பெயர் டோக்கோஃபெரால். கடைகளில் அதிகம் விற்பது டோக்கோஃபெரைல் அசிடேட் 400 மில்லிகிராம். எவியான் 400 என்று கேட்டு வாங்கும் பச்சைக் கேப்சூலும் இதுவே. இந்தப் பெயரில் இரண்டு செய்திகள் இருக்கின்றன.

ஒன்று, செயற்கையா இயற்கையா என்பது. அட்டையில் "ஆல்பா" என்ற சொல்லுக்கு முன்னால் "டி" என்ற ஒரே எழுத்து இருந்தால் இயற்கை வகை, "டி.எல்." என்று இரண்டெழுத்து இருந்தால் செயற்கை. செயற்கையில் பாதி மூலக்கூறுகளைத்தான் உடல் பயன்படுத்துகிறது. அளவை ஐ.யூ. (சர்வதேச அலகு) என்று போட்டிருந்தால், மில்லிகிராமாக்க இயற்கை வகைக்கு 0.67-ஆலும் செயற்கைக்கு 0.45-ஆலும் பெருக்குங்கள். செயற்கை 400 ஐ.யூ. என்றால் உடலுக்குப் பயன்படுவது 180 மில்லிகிராம். குறைத்துக் கணக்கிட்ட பிறகும் அது ஒரு நாளைய தேவையைப்போல் 12 மடங்கு.

இரண்டாவது, "அசிடேட்" என்ற சொல். வைட்டமின் ஈ காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், அதன் செயல்படும் முனையை மூடிப் பூட்டிவைத்த வடிவம் இது. விழுங்கினால் குடலில் பூட்டு திறந்துகொள்ளும். தோலில் தடவினால் மெதுவாக, ஓரளவுதான் திறக்கும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால், 8-ஆம் படியில் வரும் ஒரு பெரிய தவறைத் தவிர்க்கலாம்.

கேப்சூலின் கூடு பெரும்பாலும் ஜெலட்டின்; அது விலங்கிலிருந்து எடுப்பது. சைவம் மட்டும் உண்பவர்கள் அட்டையில் பார்த்து வாங்குங்கள். உள்ளே சேர்க்கும் எண்ணெய் சில தயாரிப்புகளில் வேர்க்கடலை அல்லது சோயா எண்ணெயாக இருக்கும். அவை ஒவ்வாதவர்களுக்கு அது ஆபத்து.

5. விழுங்குவதானால்: எவ்வளவு, எப்போது, எத்தனை நாள்

மருத்துவர் எழுதித் தந்தால் விழுங்குங்கள். தோல் பளபளப்புக்காக மட்டும் மாதக்கணக்கில் 400 விழுங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குக் காரணங்கள் உண்டு.

அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோவில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தினம் 400 ஐ.யூ. செயற்கை வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்ததை 2011-இல் அறிவித்தார்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்து நடத்திய ஆய்வு அது. 14,641 ஆண் மருத்துவர்களிடம் நடந்து 2008-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒன்றுவிட்டு ஒரு நாள் 400 ஐ.யூ. எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. மூளையில் இரத்தம் கசியும் பக்கவாதம் கூடியது.

பாதுகாப்பு வரம்பு என்று அமெரிக்காவில் 1,000 மில்லிகிராமும் ஐரோப்பாவில் 300 மில்லிகிராமும் குறித்திருக்கிறார்கள். "வரம்புக்குள்தானே இருக்கிறேன்" என்று சொல்வதற்கு முன், மேலே சொன்ன ஆய்வுகளில் கொடுத்ததும் வரம்புக்குள்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மருந்தாகப் பயன்படும் இடங்களும் இருக்கின்றன. நீரிழிவு இல்லாதவர்களுக்கு, கொழுப்புப் படிந்து அழற்சி கண்ட கல்லீரலில், தினம் 800 ஐ.யூ. இயற்கை வகை பலன் தந்ததை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. வயதானால் வரும் விழித்திரைத் தேய்வின் நடுத்தர நிலையில், துத்தநாகம், வைட்டமின் சி முதலியவற்றோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். இரண்டுமே பரிசோதனை செய்து மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. ஸ்கேனில் "ஃபேட்டி லிவர்" என்று வந்ததும் தானாகக் கடைக்குப் போய் வாங்குவது தவறு.

எழுதித் தந்திருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பின் உடனே விழுங்குங்கள். காலையில் வெறும் வயிற்றில் காபியோடு விழுங்கினால் கொழுப்பு இல்லாததால் பெரும்பகுதி வீணாகும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். இது கொழுப்பில் தங்கும் சத்து, ஒரு நாள் இடைவெளியால் குறைந்துவிடாது.

முதல் வாரத்தில் முகத்தில் மாற்றம் தேடாதீர்கள். விழுங்கிய வைட்டமின் முகத்து எண்ணெய்ச் சுரப்பில் கூடித் தெரிவதற்கே இரண்டு மூன்று வாரமாகும்.

6. தடவுவதற்கு முன் பேட்ச் டெஸ்ட் – ஏழு நாள்

ஒரு நாள் இரவு கையில் தடவிப் பார்த்து, "ஒன்றும் ஆகவில்லை" என்று மறுநாள் முகத்துக்குப் போவது மிகப் பரவலான தவறு. தோல் ஒவ்வாமை தாமதமாக வரும் வகை. இரண்டிலிருந்து நான்கு நாள் கழித்தும் வெளிப்படும். முதல்முறை பழகி, அடுத்தடுத்துத் தடவும்போது வெடிப்பதும் உண்டு.

முழங்கையின் உட்புறம் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கலவையை முகத்தில் போடப்போகிறீர்களோ அதையே, அதே அடர்த்தியில், காலையும் இரவும் அதே இடத்தில் தடவுங்கள். ஏழு நாளும் சிவப்பு, அரிப்பு, சிறு கொப்புளம், சொரசொரப்பு எதுவும் வராவிட்டால் மேலே போகலாம்.

இதை வேண்டாத சிரமம் என்று நினைக்காதீர்கள். 1992-இல் சுவிட்சர்லாந்தில் வைட்டமின் ஈ-யின் ஒரு வடிவத்தைச் சேர்த்த அழகுப் பொருட்களால் நூற்றுக்கணக்கானோருக்குத் தோல் அழற்சி வந்தது. ஒவ்வாமை அரிதுதான், வந்தால் முகத்தில் ஆறுவதற்கு வாரக்கணக்காகும்.

7. முகத்தில்: யாருக்கு, எந்த வரிசையில்

எண்ணெய் வழியும் தோல், பருக்கள், தேமல் உள்ளவர்கள் கேப்சூல் எண்ணெயை முகத்தில் போட வேண்டாம். அது தடித்த, பிசுபிசுப்பான எண்ணெய், துளைகளை அடைக்கும். தேமலை உண்டாக்கும் பூஞ்சை தோலின் கொழுப்பை உண்டு வளர்வது, எண்ணெய் பூசினால் அதற்கு விருந்து வைத்ததுபோலாகும். இவர்களுக்கு 10-ஆம் படியில் சொல்லும் மெல்லிய சீரம் பொருந்தும்.

வறண்ட, இயல்பான தோல் உள்ளவர்கள் வாரத்துக்கு இரண்டு இரவு என்று தொடங்குங்கள். திரெட்டிங், வாக்சிங், சவரம் செய்த நாளும் அதற்கு மறுநாளும் விட்டுவிடுங்கள். அப்போது தோலில் நுண்ணிய கீறல்கள் இருக்கும். எரிச்சல் சுலபமாக வரும்.

கையைக் கழுவுங்கள். மென்மையான ஃபேஸ்வாஷால் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். லேசான ஈரம் இருக்கட்டும். எண்ணெய் ஈரத்தைத் தராது, இருக்கிற ஈரத்தை மூடி வைக்கும். உலர்ந்த முகத்தில் பூசினால் மூடிவைக்க ஒன்றும் இல்லை.

கேப்சூலின் ஒரு நுனியைச் சுத்தமான ஊசியால் குத்துங்கள். ஒரு பட்டாணி அளவு மாய்ஸ்சரைசரை உள்ளங்கையில் எடுத்து, அதில் ஒரே ஒரு சொட்டு விட்டுக் குழைத்து, கன்னம், நெற்றி, தாடை என்று ஒற்றித் தடவுங்கள். கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு விளிம்புக்கு உள்ளே போக வேண்டாம். தூக்கத்தில் எண்ணெய் கண்ணுக்குள் வழிந்து பார்வை மங்கும்.

மீதி எண்ணெயைக் கழுத்து, முழங்கை, கணுக்கால் பக்கம் பூசித் தீர்த்துவிடுங்கள். குத்திய கேப்சூலை நாளைக்கென்று எடுத்து வைக்கக் கூடாது. முழுக் கேப்சூலையும் முகத்தில் பிழிவதில் என்ன தவறு என்று கேட்கலாம். கடைக் கிரீம்களில் வைட்டமின் ஈ பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதம்தான். கேப்சூலுக்குள் அதைப் பல மடங்கு தாண்டிய அடர்த்தி இருக்கிறது. கூடுதல் பலன் கிடையாது, பருவும் ஒவ்வாமையும்தான் கூடும்.

காலையில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், பிறகு சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். வைட்டமின் ஈ சன்ஸ்கிரீனுக்கு மாற்று அல்ல. சன்ஸ்கிரீன் இல்லாமல் வெயிலில் போனால் இரவு பூசியது பகலில் தீர்ந்துபோகும்.

8. உடம்புக்கு எண்ணெய் கலக்கும் முறை

குளித்தபின் கை கால்களுக்குப் பூச ஒரு சதவீதக் கலவை போதும். கணக்கு சுலபம்: ஒரு கேப்சூலில் 400 மில்லிகிராம், அதற்கு 40 மில்லி எண்ணெய்.

புட்டியைக் கழுவி வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். துளி ஈரம் இருந்தாலும் எண்ணெய் கெடும். 40 மில்லி தேங்காய் எண்ணெய் ஊற்றி, ஒரு கேப்சூலைப் பிழிந்து, மூடி நன்றாகக் குலுக்குங்கள். மார்கழியில் எண்ணெய் உறைந்திருந்தால் புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி இளக்குங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம். அரிப்புள்ள மென்தோலுக்குச் சூரியகாந்தி எண்ணெய் நல்லது. ஆலிவ் எண்ணெய் அத்தகைய தோலின் தடுப்பைத் தளர்த்திவிடும், தவிருங்கள். கைக்குழந்தைக்கு இந்தக் கலவை வேண்டாம். வெறும் எண்ணெயே போதும்.

இப்போது அந்தப் பெரிய தவறு. "எண்ணெய் கெடாமலிருக்க ஒரு கேப்சூல் பிழிந்துவிடுங்கள்" என்று பலரும் சொல்கிறார்கள். அசிடேட் வடிவம் பூட்டிய வடிவம் என்று பார்த்தோம். புட்டிக்குள் அதைத் திறக்க எதுவும் இல்லை; ஆகவே எண்ணெயை அது காக்காது. எண்ணெயில் சிக்கு வாடை வராமல் தள்ளிப்போட, பூட்டாத கலப்பு டோக்கோஃபெரால் வேண்டும். அதுவும் காற்றால் கெடுவதைத்தான் தாமதப்படுத்தும், கிருமியைக் கொல்லாது.

இதைப் புரிந்துகொண்டால், கற்றாழைச் சோறு, பன்னீர், கேப்சூல் மூன்றையும் அரைத்துப் புட்டியில் அடைத்து ஒரு மாதம் பூசும் பழக்கம் ஏன் ஆபத்து என்பது விளங்கும். தண்ணீர் உள்ள எதிலும் கிருமி வளரும். அப்படிக் கலந்தால் அன்றே பூசி, மீதியைக் கொட்டிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இரண்டையும் எந்தக் கலவையிலும் சேர்க்க வேண்டாம். முதலாவது வெயில் பட்டால் தோலைக் கருக்கும். இரண்டாவது தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைக்கும்.

9. எந்த இடத்துக்கு உதவும், எந்த இடத்துக்கு உதவாது

பாத வெடிப்புக்கு நன்றாக உதவும், வரிசை சரியாக இருந்தால். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் பாதத்தை வைத்து, துடைத்து, 10 சதவீத யூரியா கிரீம் பூசுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, ஒரு கேப்சூல் எண்ணெயைச் சிறிது வாசலினில் குழைத்து மேலே பூசி, பருத்திச் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். யூரியா தடித்த தோலை இளக்கி ஈரத்தை இழுக்கிறது. எண்ணெய் அதை மூடுகிறது. வரிசையை மாற்றினால் எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி யூரியா உள்ளே போகாது. நீரிழிவுள்ளவர்கள் நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். வெடிப்பில் இரத்தமோ சீழோ இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

நகக்கண், முழங்கை, உலர்ந்த உதடு ஆகியவற்றுக்கும் இரவில் ஒரு சொட்டு போதும்.

தழும்பு விஷயத்தில் பரவலான நம்பிக்கை தவறானது. 1999-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்த 15 பேரின் தழும்பில் பாதிக்கு வெறும் களிம்பும், பாதிக்கு வைட்டமின் ஈ கலந்த களிம்பும் பூசினார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு வைட்டமின் ஈ பூசிய பகுதி மேம்படவில்லை, அல்லது மோசமானது. மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வந்தது. புதுத் தையலில் கேப்சூலைப் பிழியாதீர்கள். புண் ஆறிய பிறகு சிலிகான் ஜெல் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பிரசவ வரிகளைப் பூச்சால் தடுக்க முடியும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. தடவிவிடுவது இதமாக இருந்தால் வெறும் எண்ணெயே போதும்.

கருவளையத்துக்குத் தூக்கக் குறைவு, இரத்தசோகை, கண்ணைத் தேய்க்கும் பழக்கம், பரம்பரை என்று காரணங்கள் வேறு. அங்கே எண்ணெயைக் கட்டியாகப் பூசினால் அரிசி மணிபோல வெள்ளைக் குருக்கள் வரலாம்.

முடிக்கு, நுனி வறட்சிக்கு 8-ஆம் படிக் கலவையில் நான்கைந்து சொட்டு. பொடுகு உள்ள தலையில் வேண்டாம். முடி வளரும் என்ற பேச்சுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் மலேசிய ஆய்வு சிறியது. அதில் விழுங்கக் கொடுத்தது டோக்கோட்ரையினால் என்ற வேறு வகை. தலையில் பிழியும் பச்சைக் கேப்சூல் அல்ல.

10. சீரம் வாங்குவதானால்

வைட்டமின் சி 15 சதவீதம், வைட்டமின் ஈ 1 சதவீதம், ஃபெரூலிக் அமிலம் 0.5 சதவீதம் என்ற சேர்க்கையைத் தேடுங்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டும் சேர்ந்து வெயில் பாதிப்புக்கு எதிராக நான்கு மடங்குப் பாதுகாப்புத் தந்தன. ஃபெரூலிக் அமிலம் சேர்ந்ததும் அது எட்டு மடங்கானது. அசிடேட் என்ற சொல் இல்லாத டோக்கோஃபெரால் என்று பெட்டியில் இருக்க வேண்டும்.

காலையில், முகம் நன்கு உலர்ந்த பின், நான்கைந்து சொட்டு. பிறகு மாய்ஸ்சரைசர், கடைசியில் சன்ஸ்கிரீன். இளமஞ்சளாக இருந்த சீரம் தேன் நிறத்தைத் தாண்டிப் பழுப்பாகிவிட்டால் வைட்டமின் சி கெட்டுவிட்டது; விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று பூச வேண்டாம். மூடி வைத்து, குளியலறைக்கு வெளியே, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள்.

11. எப்போது நிறுத்துவது

பூசிய இடத்தில் சிவப்போ அரிப்போ வந்தால் அன்றே நிறுத்தி, மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, வெறும் வாசலின் மட்டும் பூசுங்கள். "தோல் பழகிக்கொள்ளும்" என்று தொடர்வது ஒவ்வாமையைப் பரப்பும். மூன்று நாளில் அடங்காவிட்டாலோ, கண்ணிமை, உதடு வீங்கினாலோ மருத்துவரிடம் போங்கள். போகும்போது அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

விழுங்குகிறவர்களுக்கு மூக்கில் இரத்தம், கறுத்த மலம், திடீர்க் கடும் தலைவலி வந்தால் அடுத்த கேப்சூலை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேப்சூல் எண்ணெயை ஆவி பிடிக்கும் நீரில் விடுவதும் மூக்கில் விடுவதும் கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலில் போய்த் தங்கினால் அழற்சி வரும். 2019-இல் அமெரிக்காவில் மின்சிகரெட் புகைத்தவர்களிடையே பரவிய கடும் நுரையீரல் நோய்க்கு, அந்தத் திரவத்தில் கலந்திருந்த இதே வைட்டமின் ஈ அசிடேட்டோடு வலுவான தொடர்பு இருந்தது.

கலந்து வைத்த எண்ணெயின் புட்டியில் தேதி எழுதி ஒட்டுங்கள். இரண்டு மாதம் தாண்டினாலோ, மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை அடித்தாலோ தோலில் படவிடாமல் கொட்டிவிட்டு, புட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். பழைய எண்ணெயின் மேலேயே புதிதை ஊற்றினால், கெட்டது புதிதையும் சில நாட்களில் கெடுத்துவிடும்.